மாத்திரையா, அக்குபங்சரா? கெடு உள்ள நோயும் கெடு இல்லாத நோயும்

மதுரையில் விரல் மூட்டு வீங்கியவருக்கும் தலைவலியால் படுத்தவருக்கும் வழி சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. ஒருவர் பெரியாஸ்பத்திரிக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்வார். இன்னொருவர், மாத்திரையைத் தொட்டால் கிட்னி போய்விடும் என்று எச்சரித்து, தமக்குத் தெரிந்த அக்குபங்சர் வைத்தியரின் முகவரியைக் கையில் திணிப்பார். இருவருமே நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் வந்திருக்கும் நோய் காத்திருக்குமா காத்திருக்காதா என்று இருவருமே கேட்பதில்லை. சில நோய்கள் கெடு வைத்துக்கொண்டு வருகின்றன. அந்தக் கெடு தாண்டிவிட்டால், முதலில் பலித்திருக்கக்கூடிய மருந்தும் அரைகுறையாகவே பலிக்கும். வேறு சில நோய்கள் ஆண்டுக்கணக்கில் வாட்டும், ஆனால் மீட்க முடியாத சேதம் எதையும் செய்யாது. அங்கே நிதானமாக ஒன்றைச் செய்து பார்த்து, சரிவராவிட்டால் அடுத்ததற்குப் போக இடம் உண்டு. மருந்தையும் அக்குபங்சரையும் ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான் என்பது என் எண்ணம். முகவாதம், சரவாங்கி, ஒற்றைத் தலைவலி ஆகிய மூன்றையும் வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அதற்கு முன், அக்குபங்சர் என்ற ஒரே பலகையின் கீழ் நம் பக்கத்தில் நடப்பவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மெல்லிய எஃகு ஊசியைத் தோலுக்குள் செலுத்திச் சிறிது நேரம் விட்டுவைப்பது ஒரு முறை. அந்த ஊசிகளில் லேசான மின்னோட்டம் பாய்ச்சுவது இன்னொன்று. ஊசியே இல்லாமல், நாடி பார்த்துவிட்டு, விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பும் தொடு சிகிச்சை மூன்றாவது. தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பரவியிருப்பது இதுதான். இந்தக் கட்டுரையில் நான் எடுத்துச் சொல்லும் அக்குபங்சர் ஆய்வுகள் எல்லாமே முதல் இரண்டையும் பற்றியவை. ஆகவே ‘அக்குபங்சர் பலிக்கிறது என்று ஜெர்மனியில் நிரூபித்துவிட்டார்கள்’ என்று ஒரு தொடு சிகிச்சை நிலையத்தில் யாராவது சொன்னால், அந்தச் சான்று அந்த அறைக்குச் செல்லாது.

சோதிக்கும் விதத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாத்திரையைச் சோதிப்பது எளிது: அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை செய்து, யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் தெரியாமல், கொடுப்பவருக்கும் தெரியாமல், குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்துவிடலாம். ஊசிக்கு என்ன செய்வது? ஆராய்ச்சியாளர்கள் இரண்டு உபாயங்கள் கண்டுபிடித்தார்கள். ஒன்று, அக்குபங்சர் புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது. மற்றொன்று, 1998ல் ஜெர்மானிய மருத்துவர் ஸ்ட்ரைட்பெர்கர் வெளியிட்ட போலி ஊசி. அதன் முனை மழுங்கியது. தோலில் அழுத்தியதும் உள்ளே இறங்காமல் தன் கைப்பிடிக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். சுற்றி ஒட்டிய சிறு வளையம் அதை நிற்க வைப்பதால், படுத்திருப்பவர் கண்ணுக்கு ஊசி இறங்கிவிட்டது போலவே தெரியும், சுருக்கென்ற உணர்வும் இருக்கும். ஆனால் குத்துகிற கைக்கு எது உண்மை, எது போலி என்று தெரியாமல் இருக்க முடியாது. அக்குபங்சர் ஆய்வுகள் ஏறக்குறைய அனைத்திலும் தங்கிவிடும் இந்தக் குறையை, அவற்றைப் படிக்கிறவர்கள் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி முகவாதம். காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, ஒரு கண் மூட மாட்டேன் என்கிறது. உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்ததால் காற்று அடித்துவிட்டது என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் நடப்பது, முகத்தை அசைக்கும் ஏழாவது மூளை நரம்பு, காதுக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் குறுகிய குழாய் வழியாக வரும்போது அழற்சியால் வீங்கி, அந்தக் குழாய்க்குள்ளேயே நசுங்குவது. வீக்கத்தை விரைவில் வற்ற வைத்தால் நரம்பு பிழைக்கும். நசுங்கியே கிடந்தால் அதன் இழைகள் சாகத் தொடங்கும். நான் கெடு என்று சொன்னது இதைத்தான்.

ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளை வைத்து நடந்து 2007ல் வெளியான ஆய்வில், முகவாதம் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் பத்து நாள் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அதைச் சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு முகம் முழுமையாகத் திரும்பியிருந்தது, சாப்பிடாதவர்களில் 63.6 சதவீதம். ஒன்பது மாதத்தில் அது 94.4க்கு 81.6 ஆனது. வைரஸ் கொல்லியான அசைக்ளோவிரைச் சேர்த்ததால் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. இந்த எண்களில் நம் ஊர் ஆட்கள் கவனிக்க வேண்டியது அந்த 81.6. ஸ்டீராய்டு சாப்பிடாமலே ஒன்பது மாதத்தில் பத்துக்கு எட்டுப் பேருக்குச் சரியாகிவிடுகிறது என்றால், முகவாதத்தைத் தொட்ட எந்த வைத்தியருக்கும், அவர் என்ன செய்திருந்தாலும், பத்துக்கு எட்டு வெற்றிக்கதை கைவசம் இருக்கும். அக்கதைகள் பொய்யல்ல. ஆனால் நாம் தீர்மானிக்க வேண்டியது மீதி இரண்டு பேரின் நிலையை.

அக்குபங்சரின் பக்கத்தில் முகவாதத்துக்கான ஆய்வுகள் ஏராளம், பெரும்பாலும் சீனத்தில் நடந்தவை. ஆனால் அவற்றைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் சர்வதேச அமைப்பான காக்ரேன் குழு 2010ல், தரக்குறைவால் முடிவு சொல்ல இயலவில்லை என்று எழுதிவிட்டது. பின்னர் 2013ல் கனடிய மருத்துவ இதழில் 338 நோயாளிகளைக் கொண்ட சீன ஆய்வு ஒன்று வந்தது. ஊசியைச் சுழற்றி வலுவாகத் தூண்டியவர்களுக்கு, சும்மா குத்தி வைத்தவர்களைவிட ஆறு மாத முடிவில் முகம் நன்றாகத் திரும்பியது என்பது அதன் கண்டுபிடிப்பு. ஆனால் அந்த ஆய்வில் இரு பிரிவினருக்குமே ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தது. அக்குபங்சரில் நம்பிக்கை வைத்து ஆய்வு செய்தவர்களே மாத்திரையை நிறுத்தத் துணியவில்லை. எனவே முகவாதத்தில் முதல் மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு. பிறகு ஊசி வைத்துக்கொள்ள விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்தப் பத்து நாளும் சர்க்கரை ஏறும் என்பது உண்மை. அதற்காக அஞ்சி மருந்தைத் தவிர்ப்பதைவிட, மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சர்க்கரையை அடிக்கடி சோதித்துக்கொள்வது மேல். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் இரவில் மூடி ஒட்டும் பிளாஸ்திரியும் வேண்டும். இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். நெற்றியைச் சுருக்கச் சொல்லும்போது இருபக்கமும் சுருங்கி, வாய் மட்டும் கோணியிருந்தால், அல்லது கை கால் தளர்ந்து பேச்சுக் குழறினால், அது முகவாதமாக இராது, பக்கவாதமாக இருக்கலாம். மூளை ரத்தக்குழாயில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்துக்கு உள்ள கெடு நாலரை மணி நேரம்தான்.

சரவாங்கி என்று நாம் சொல்லும் முடக்குவாதம் இவ்வளவு அவசரப்படுத்தாது. அதனாலேயே அதிகம் ஏமாற்றும். சுங்குடிச் சேலைக்குப் புள்ளி முடிச்சுப் போடும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கும் வேலை. விரல் நுனியும் அதையடுத்த மூட்டும் சொன்னபடி கேட்டாக வேண்டும். அவர் காலையில் எழுந்தால் விரல்கள் ஒன்பது மணிவரை மடங்குவதில்லை, பால் பாத்திரத்தைத் தூக்க முடிவதில்லை, மோதிரம் கழற்ற வருவதில்லை. கை குலுக்கும்போது முட்டிகளை லேசாக அழுத்தினாலே முகம் சுளிக்கிறார். வெயில் ஏற ஏறக் கை இளகி வேலை ஓடிவிடுவதால் ‘வயசாகிவிட்டது’ என்று தள்ளிப்போடுகிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் காலை விறைப்பும், இரு கைகளிலும் ஒத்த மூட்டுகளில் வீக்கமும் ஆறு வாரம் தாண்டினால் அது வயதும் அல்ல, தேய்மானமும் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரிக்கப்பட்ட எலும்பு எந்த வைத்தியத்திலும் திரும்ப வளர்ந்து பழைய வடிவம் பெறுவதில்லை.

இதற்கு மதுரைக்காரர்கள் எல்லோரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியை இளம் வயதில் தாக்கிய நோய் இதுதான். 1948ல் ராணுவப் பணியையே விடவேண்டி வந்தது. விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி அவர் லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார் என்பது அவருடைய மனவுறுதி. ஆனால் விரல்கள் கோணியதற்குக் காரணம், அன்றைக்கு நோயின் போக்கை நம்பகமாகத் தடுக்கும் மருந்து நடைமுறையில் இல்லாமல் இருந்தது. அமெரிக்காவில் முதல் முடக்குவாத நோயாளிக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு போடப்பட்டதே அதே 1948ல்தான். இன்று அடிப்படை மருந்தாக இருக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு அமெரிக்கா இந்த நோய்க்கென ஒப்புதல் கொடுத்தது 1988ல்.

இந்த மருந்துகள் வலியை மட்டும் அமுக்குபவை அல்ல, அரிப்பையே நிறுத்துபவை. கிளாஸ்கோவில் 110 நோயாளிகளிடம் நடந்து 2004ல் வெளியான ஆய்வில், மாதந்தோறும் பார்த்து, வீக்கம் அடங்கும்வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போன பிரிவில் ஒன்றரை ஆண்டு முடிவில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வழக்கமான முறையில் பார்த்த பிரிவில் 16 சதவீதம். மருந்துகள் ஏறக்குறைய அவையேதான். விடாமல் பின்தொடர்ந்து அளந்ததால் வந்த வித்தியாசம் அது. செலவைப் பற்றி அஞ்சுபவர்களுக்கு இன்னொரு செய்தி: மெத்தோட்ரெக்ஸேட்டோடு சல்பசலாசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற இரண்டு பழைய, மலிவான மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது, எட்டனர்செப்ட் என்ற விலையுயர்ந்த ஊசிமருந்தோடு மெத்தோட்ரெக்ஸேட் கொடுப்பதற்குக் குறைந்ததல்ல என்று 2013ல் வெளியான, 353 பேரைக் கொண்ட ஆய்வு காட்டியது.

எதிர்த்தட்டில் அக்குபங்சருக்கு இருப்பது மிகக் கொஞ்சம். 2005ல் காக்ரேன் தொகுப்பில் தேறியவை இரண்டே ஆய்வுகள், மொத்தம் 84 பேர். ஊசி குத்திய ஆய்வில் ரத்தத்தின் அழற்சி அளவுகளோ, வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையோ, வலியோ குறையவில்லை. மின்னூசி வைத்த ஆய்வில் முழங்கால் வலி மட்டும் தற்காலிகமாகத் தணிந்தது. முதலாவதில் பாதத்தில் ஒரே ஒரு புள்ளியில்தான் குத்தினார்கள், அது முறையான அக்குபங்சரே அல்ல என்று ஊசி வைத்தியர்கள் ஆட்சேபிப்பது நியாயம்தான். ஆனால் ‘ஒரு புள்ளி போதும்’ என்பதையே கொள்கையாகக் கொண்ட நம் ஊர்த் தொடு சிகிச்சையாளர்கள் அந்த ஆட்சேபத்தைக் கடன் வாங்க முடியாது.

அழற்சியை ஊசி தணிக்கும் என்ற பேச்சுக்கு ஆய்வகத்தில் ஆதாரமே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. ஹார்வர்டைச் சேர்ந்த குழு 2021ல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையில், எலியின் பின்னங்காலில் குறிப்பிட்ட இடத்தில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால், அது மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியை எட்டி, உடல் முழுவதும் பரவிய அழற்சியைக் குறைக்கிறது என்று நரம்பிழை நரம்பிழையாகக் காட்டினார்கள். எங்கே குத்தினாலும் ஒன்றுதான் என்பவர்களுக்கு அது நல்ல பதில். ஆனால் அதே குழு முந்தைய ஆண்டு வெளியிட்டதில், நோய் ஏற்றிய பிறகு வயிற்றுப் பகுதியில் வலுவாகத் தூண்டியபோது அழற்சி கூடவும் செய்தது. இடமும் அளவும் நேரமும் தப்பினால் எதிர்ப்பலன் என்பதும், இவை எலிகளில் குறுகிய காலம் பார்த்தவை என்பதும், ஆண்டுக்கணக்கில் மூட்டை அரிக்கும் நோயுள்ள மனிதருக்கு இவற்றை நேரே கொண்டுவந்து பொருத்த முடியாது என்று காட்டுகின்றன. ஆகவே சரவாங்கியில் மாத்திரைக்கு மாற்றாக அக்குபங்சரை வைப்பதை நான் ஏற்கவில்லை. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, மிஞ்சும் வலிக்கு ஊசி வைத்துப் பார்ப்பது வேறு விஷயம்; அதில் தவறில்லை.

மாத்திரைப் பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை மறைப்பது முறையல்ல. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. மற்ற மாத்திரைகளைப் போல நினைத்து அதைத் தினமும் சாப்பிட்டு, வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதி வைப்பதும், அந்தக் கிழமையை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைப்பதும், வேறு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை போடுவதும், ரத்த அணுக்களையும் ஈரலையும் குறித்த இடைவெளியில் சோதிப்பதும் இந்த மருந்தின் பகுதிகளே. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ‘ஒரு மாதம் சாப்பிட்டேன், கேட்கவில்லை’ என்று விட்டுவிடுபவர்கள் அதைச் சோதித்தே பார்க்கவில்லை. கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண் இதை முன்கூட்டியே நிறுத்தியாக வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர் விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு அதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஒற்றைத் தலைவலிக்கு வரும்போது கணக்கே மாறிவிடுகிறது. மாதத்தில் ஐந்தாறு நாள் வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் குமட்டலோடு இருட்டறையில் படுத்திருப்பது பெரிய துன்பம்தான். ஆனால் பெரும்பாலோர்க்கு அது மூளையை அரிப்பதில்லை. கெடு இல்லாத நோய் இது. இங்கே அக்குபங்சரைச் சோதித்தவர்கள் உழைத்திருக்கிறார்கள், குறிப்பாக ஜெர்மானியர்கள். 2006ல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் 960 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: முறையான அக்குபங்சர், புள்ளி அல்லாத இடத்தில் மேலோட்டமான போலிக் குத்து, தலைவலி வராமல் இருக்கச் சாப்பிடும் தடுப்பு மருந்து. ஆறு மாதம் கழித்துத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் முறையே 47, 39, 40 சதவீதம். புள்ளியியல் கணக்கில் மூன்றும் ஒன்றே. குலுக்கலில் மருந்துப் பிரிவு விழுந்தது என்று தெரிந்தவுடனேயே அந்தப் பிரிவிலிருந்து 106 பேர் விலகிப் போனார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: வந்தவர்கள் ஊசிக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள்.

2016ன் காக்ரேன் தொகுப்பு 22 ஆய்வுகள், ஏறக்குறைய ஐயாயிரம் பேரை எடுத்துக்கொண்டது. அக்குபங்சர் பெற்றவர்களில் பாதிப் பேருக்குத் தலைவலி பாதியானது. போலி ஊசியில் 41 சதவீதம். தடுப்பு மருந்தோடு நேருக்கு நேர் வைத்தபோது மூன்று மாதத்தில் 57க்கு 46 என்று ஊசி சற்று முந்தியது. ஆறு மாதத்தில் 59க்கு 54 என்று அந்த இடைவெளி சுருங்கியது. ஆக, மாத்திரைக்கு அக்குபங்சர் இளைத்ததல்ல. ஆனால் போலி அக்குபங்சரைவிடப் பெரிதாக உயர்ந்ததுமல்ல. இந்த முரணை விளங்கிக்கொள்ள 2013ல் வந்த இன்னொரு தொகுப்பு உதவுகிறது. ஒற்றைத் தலைவலி ஆய்வுகளில் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது; போலி ஊசி குத்தப்பட்டவர்களில் 38 சதவீதம். படுக்க வைத்து, தொட்டு, விசாரித்து, அரைமணி நேரம் அமைதியாகக் கிடத்தும் சடங்கே ஒரு மருந்தாக வேலை செய்கிறது என்று நான் இதைப் படிக்கிறேன். அறிவியல் கேள்வி கேட்பவருக்கு இது அக்குபங்சரின் தோல்வி. தலைவலி குறைந்தால் போதும் என்பவருக்கு இது தோல்வியே அல்ல. எனக்கு இரண்டாமவரின் பக்கம்தான் மனம் சாய்கிறது, நோய்க்குக் கெடு இல்லாத வரையில்.

தடுப்பு மாத்திரையில் தேர்வு ஆளைப் பொறுத்தது. புரொப்ரனலோல் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஃப்ளூனரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும். முதியவர்களுக்கு நடுக்கம் கொண்டுவரலாம். டோபிரமேட் பசியைக் குறைத்து, விரல்களில் ஊறல் தரும், சிறுநீரகக் கல்லும் உண்டாக்கலாம். நம் வெயிலில் தண்ணீர் குடிக்க மறப்பவர்களுக்கு அது நல்ல தேர்வல்ல. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012ல், டோபிரமேட்டும் புரொப்ரனலோலும் ஒத்துவராவிட்டால், ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் பத்து அமர்வுகள் வரை அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்றது. அதே நைஸ் மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2022ல் மீண்டும் சொல்லிவிட்டது. முழங்கால் தேய்மானத்தில் குணம் தெரிந்தவர்கள் என்று ஜெர்மானியர்கள் கண்ட எண்கள் 53 சதவீதம் உண்மை ஊசி, 51 போலி ஊசி, 29 வழக்கமான சிகிச்சை. இதையே ஒருவர் வெற்றி என்றும் இன்னொருவர் தோல்வி என்றும் படிக்கலாம்.

மற்ற நரம்பு வலிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல் துலக்கினாலோ காற்றுப் பட்டாலோ கன்னத்தில் மின்சாரம் பாய்வது போல வெட்டி இழுக்கும் முக்கிளை நரம்பு வலிக்கு கார்பமாசெபைன்தான் முதல் மருந்து. தோலில் தடிப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின், பிரிகாபலின் மூன்றும் ஏறத்தாழச் சமம் என்று 2022ல் லான்செட்டில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. வலிப்பு நோயில் அக்குபங்சரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பேச வேண்டியது, மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் நிறுத்துவதைப் பற்றி. நிற்காத வலிப்பு வந்து உயிர் போகும் வழி அது. நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்துவதும் அப்படியே.

ஊசியால் வரும் தீங்கு, முறையாகச் செய்தால், மிக அரிது. பிரிட்டனில் 34,000க்கு மேற்பட்ட அமர்வுகளைக் கவனித்து 2001ல் வெளியிட்ட பதிவில் கடுமையான பாதிப்பு ஒன்றுகூட இல்லை; மார்பில் ஆழமாகக் குத்தி நுரையீரல் ஓட்டையான நிகழ்வுகள் வேறு இடங்களில் பதிவாகியுள்ளன. தொடு சிகிச்சையில் அந்த ஆபத்தும் கிடையாது. அங்கே ஆபத்து வேறு வகை: ‘மருந்தெல்லாம் கழிவு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாருங்கள்’ என்ற நிபந்தனை. வீக்கம் கூடினால் ‘கழிவு வெளியேறுகிறது’ என்பார்கள்; குறைந்தால் குணம் என்பார்கள். எது நடந்தாலும் வைத்தியம் சரியென்றே ஆகும் ஒரு முறையைச் சோதிக்கவே முடியாது. என் அளவில், மருந்தை நிறுத்தச் சொல்லும் அறையிலிருந்து அப்போதே எழுந்து வந்துவிடலாம். அதே கண்டிப்பு மறுபக்கமும் வேண்டும்: மூட்டு வலிக்கு என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் தரும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், இரண்டே நாளில் அதிசயமாக வலி போனால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுவது நல்லது.

ஊசி வைத்துக்கொள்ள முடிவு செய்தவர், வைப்பவர் எம்.பி.பி.எஸ். படித்தவரா, இயற்கை மருத்துவத்தில் பி.என்.ஒய்.எஸ். பட்டம் பெற்றவரா, சில மாதச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரா என்று கேட்கத் தயங்கக் கூடாது. ஊசி உறையைத் தம் கண் முன்னே பிரித்து, ஒரு தடவைக்குப் பின் எறிகிறாரா என்றும் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செலவைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், காத்திருப்பு அதிகம். அக்குபங்சருக்கு அமர்வுக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு பயணம்தான்: பேரையூரிலிருந்தோ மேலூரிலிருந்தோ வாரம் இருமுறை வந்து போகும் கூலித் தொழிலாளிக்கு ஐந்தாறு வாரத்தில் போகும் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு முழுமையல்ல.

தலைவலிக்காரர் எதைத் தேர்ந்தாலும், தம்மளவில் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். தொடங்குவதற்கு முன் நான்கு வாரம், தினசரி காலண்டர் தாளிலேயே தலைவலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், வலி மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. இந்த முன்கணக்கு இல்லாமல் பின்கணக்குக்குப் பொருளில்லை. ஏனெனில் வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் புது வைத்தியரைத் தேடுவார்கள், உச்சத்தில் இருப்பது எப்படியும் இறங்கும். அக்னி நட்சத்திரத்தில் தொடங்கி ஆவணியில் குறைந்த தலைவலிக்குப் பாராட்டு வைத்தியருக்கா, வானிலைக்கா என்று முன்கணக்கு இல்லாதவருக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் வட்டங்கள் பாதியாகாவிட்டால் அடுத்ததற்கு மாறலாம். பெருக்கல் குறி மாதத்தில் பதினைந்தைத் தொட்டால், வலி மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகியிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது செய்ய வேண்டியது, மருத்துவரின் துணையோடு அதைக் குறைப்பது.

அக்குபங்சரை முதல் தேர்வாகவே நான் சொல்லக்கூடிய ஒரு நிலைமை இருக்கிறது. ஒற்றைத் தலைவலி உள்ள பெண் குழந்தைக்குத் தயாராகிறார் என்றால், வால்ப்ரோயேட்டும் டோபிரமேட்டும் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியவை என்பதால் ஒதுக்கப்பட வேண்டும். மற்றத் தடுப்பு மருந்துகளும் தயக்கத்தோடுதான் எழுதப்படும். வலி வந்த நாளுக்கு பாராசிட்டமால், நேரத்துக்குச் சாப்பாடும் தூக்கமும், அதோடு கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழகிய கையால் சில வார ஊசி என்பது அவருக்கு மாத்திரையைவிடப் பொருத்தமான ஏற்பாடு. அந்த ஊசி வைப்பவரிடம் முதல் நாளே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்: கரு உண்டாகி ஐந்தாம் மாதத்துக்குப் பின் இதுவரை இல்லாத மாதிரித் தலைவலி வந்தாலோ, கண் முன் பூச்சி பறந்தாலோ, முகமும் கையும் வீங்கினாலோ அன்றைக்கு ஊசி கிடையாது, முதலில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அது ஏறியிருந்தால் அந்த இரவே மகப்பேறு வார்டுக்குப் போய்விட வேண்டும்.